சனிக்கிழமை சாயங்காலத்துக்கு ஓர் இடம்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாய், கை நடுக்கம் நின்றுவிட்டது, ராத்திரி தூங்குகிறாய் என்று என் அக்கா போனில் சொன்னாள். கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. அத்தைதான் போனை வாங்கிப் பேசினாள்.

அக்கா இன்னொன்றும் சொன்னாள். டிஸ்சார்ஜ் ஆகும்போது கவுன்சலர் உன்னை ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங்குக்குப் போகச் சொன்னாராம். "நாலு குடிகாரர்களோடு போய் உட்கார்ந்து நான் என்ன செய்யப் போகிறேன், எனக்கு மனவுறுதி இருக்கிறது" என்று நீ சொல்லிவிட்டாயாம். இதைப் போனில் பேசினால் நீ மரியாதைக்கு நாலு தடவை "சரி மாமா" சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். மடித்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவையாகப் படி.

உன் மனவுறுதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். வருஷம் தவறாமல் மாலை போடுகிறவன் நீ. அந்த ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்த நாட்களை இப்போது நினைத்துப் பார். விடியற்காலையில் குளியல், சாயங்காலம் யார் வீட்டிலாவது பஜனை. சந்தேகம் வந்தால் கேட்க குருசாமி இருக்கிறார். உன்னைப் போலவே விரதம் இருக்கும் சாமிகள் நாலு பேர் கூடவே இருக்கிறார்கள். பட்டறையை விட்டு வெளியே வந்தால் எங்கே போவது என்ற கேள்வியே எழாது. தெருவே உன்னை "சாமி" என்று கூப்பிடுகிறது. மலை இறங்கி மாலையைக் கழற்றியதும் அந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே நாளில் கலைந்துவிடும். மனவுறுதி எங்கேயும் போகவில்லை மாப்பிள்ளை, கூட இருந்தவர்கள்தான் இல்லை. சாயங்காலம் போய் உட்கார்ந்த இடமும் இல்லை. ஏ.ஏ.வை மாலை கழற்றும் நாள் என்று ஒன்று வைக்காத ஏற்பாடாக நினைத்துக்கொள்.

உன் வாரத்தில் சனிக்கிழமை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வாரச் சம்பளம் கையில் வரும். லேத்தை நிறுத்தி, கையில் இருக்கும் ஆயிலைத் துடைத்து, அஞ்சரை ஆறுக்கு வெளியே வந்தால், கூட வேலை பார்க்கிறவர்கள் நடக்கிற திசையிலேயே காலும் நடக்கும். டாஸ்மாக் கடை மத்தியானம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது. அதில் உனக்கு ஆபத்தான நேரம் ஆறிலிருந்து எட்டு எட்டரை வரைதான். அதைத் தாண்டி வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் அன்றைய நாள் கடந்துவிடும். மீட்டிங்குகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். போகிற நேரம், வருகிற நேரம், முடிந்த பிறகு டீயோடு நின்று பேசுகிற நேரம் எல்லாம் சேர்த்தால் ஆபத்தான பொழுது முழுவதற்கும் உனக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. குடியிலிருந்து மீள நான் முதலில் அங்கே போனதே இந்த ஒரு காரணத்துக்காகத்தான். மற்றதெல்லாம் பிறகு விளங்கியது.

அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதித் தயக்கம். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

ஒரு சர்ச் வளாகத்து அறையாகவோ, பள்ளிக்கூட வகுப்பறையாகவோ, ஆஸ்பத்திரியில் ஒரு ஹாலாகவோ இருக்கும். சர்ச் என்றதும் மதம் மாற்றுகிற கூட்டம் என்று நினைத்துவிடாதே. குறைந்த வாடகைக்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். எந்த மதத்தோடும் கட்சியோடும் ஏ.ஏ.வுக்குச் சம்பந்தம் கிடையாது. வாசலில் ரிஜிஸ்டர் இல்லை. யாரும் ஆதார் கேட்க மாட்டார்கள், முழுப்பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். நாற்காலி போட்டுப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், சில இடத்தில் அஞ்சாறு பேர்தான். ஆட்டோ ஓட்டுகிறவரும் பேங்கில் வேலை பார்க்கிறவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். பெண்களும் வருகிறார்கள். அன்றைக்குக் கூட்டத்தை நடத்துகிறவர் ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு குறிப்பு வாசிப்பார். குடியை விட ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளையும் வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைத் தானே சொல்வது. அதை ஷேரிங் என்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை. முடித்த பிறகு "நீ இப்படிச் செய்திருக்கலாமே" என்று யாரும் புத்தி சொல்வதுமில்லை.

உன் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்க வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும், அடுத்தவரிடம் போய்விடுவார்கள். எத்தனை கூட்டம் வேண்டுமானாலும் நீ வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். முடிவில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் அதில் போடுவார்கள். முதல் தடவை வருகிறவர் போட வேண்டியதில்லை. சந்தா, கட்டணம் என்று எதுவும் கிடையாது. வெளியார் தரும் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதே இல்லை, உறுப்பினர்கள் போடும் காசில்தான் நடக்கிறது. உறுப்பினராக ஒரே தகுதிதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. அது உனக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் நீயாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டாய்.

படிகளில் கடவுள் என்ற சொல் வரும். அவரவருக்கு விளங்கியபடி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் சாமி கும்பிடாதவர்களும் உண்டு. அவர்கள் கூட்டத்தையே தங்களுக்கு மேலான பலம் என்று வைத்துக்கொள்கிறார்கள். உன் ஐயப்பனை நீ வைத்துக்கொள். யாரும் தடுக்க மாட்டார்கள்.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. ஆகையால் மற்றவர்கள் பேசியதில் ஒரு வரியும் உனக்கு எழுத மாட்டேன். என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் பேசப் பேச, அவர் என் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. பாட்டிலை ஒளிக்கிற இடம், காலையில் கண்ணாடியைப் பார்க்க முடியாதது, பிள்ளை தலையில் அடித்துச் செய்கிற சத்தியம், எல்லாம் ஒன்று போலவே இருந்தது. அம்மா அழுதபோது எனக்கு வெட்கம் வந்தது. டாக்டர் திட்டியபோது பயம் வந்தது. அந்த மனிதர் பேசியபோதுதான் முதல் தடவையாக, இதிலிருந்து வெளியே வர முடியும் என்ற எண்ணம் வந்தது. அவர் என்னைப் போலவே இருந்தவர், இப்போது குடிக்காமல் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். உன்மேல் உயிரையே வைத்திருக்கிற அக்காவாலும் உன்னைக் கட்டிக்கொண்ட அந்தப் பிள்ளையாலும் இதை உனக்குத் தர முடியாது மாப்பிள்ளை. அது அவர்கள் குறை இல்லை.

ஏ.ஏ. பிறந்ததே அப்படித்தான். 1935-இல் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைத் தரகர் ஓர் இயந்திரக் கம்பெனி விவகாரமாக அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன காரியம் தோற்றுவிட்டது. ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார், பக்கத்தில் மதுக்கூடத்திலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. உள்ளே போகாமல் இருக்க வேண்டுமென்றால் இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அங்கிருந்த சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டார். கடைசியில் ஒரு பெண்மணி மூலம் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைசிகிச்சை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த மருத்துவரும் குடியில் மூழ்கியவர். கால் மணி நேரம்தான் பேசுவேன் என்று வந்தவர் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார். காரணம், பில் அவருக்குப் புத்தி சொல்லப் போகவில்லை. தான் குடிக்காமலிருக்க அவருடைய உதவி வேண்டும் என்றுதான் போனார். அந்த மருத்துவர் உடனே திருந்திவிடவும் இல்லை. நடுவில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் மறுபடி குடித்தார். 1935 ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாள். அதையே ஏ.ஏ. தொடங்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1939-இல் ஏ.ஏ.வின் புத்தகம் வந்தது. இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957-இல் வந்தது. இன்றைக்குச் சுமார் 180 நாடுகளில் இருக்கிறது.

இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை. "நான் போய் அவர்களுக்கு ஏன் தொந்தரவு கொடுக்க வேண்டும்" என்றும் நீ சொன்னாயாம். புதிதாக ஒருவர் உள்ளே வந்து உட்காரும் நாளில் பழைய ஆட்கள் நாங்கள் எவ்வளவு பலம் பெறுகிறோம் என்று உனக்குத் தெரியாது. நாங்கள் எங்கே இருந்து வந்தோம் என்று புதியவர் முகத்தைப் பார்த்தால்தான் மறக்காமல் இருக்கும். நீ வந்து சும்மா உட்கார்ந்தாலே யாரோ ஒருவருக்கு அன்றைக்கு நல்லது செய்கிறாய்.

இது பலன் தருமா என்று நீ கேட்பாய், கேட்க வேண்டியதுதான். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களைப் பற்றியவற்றை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ.வையும் ஏ.ஏ.வுக்கு முறையாகக் கொண்டு சேர்க்கும் சிகிச்சைகளையும் பெற்றவர்கள், வேறு மனநலச் சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகமாகத் தொடர்ந்து குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு ஸ்மார்ட் ரிக்கவரி மாதிரியான வேறு முறைகள் பிடிக்கின்றன, சிலருக்குத் தனி ஆலோசனை போதும். ஆனால் போய்ப் பார்க்காமலே ஒத்துவராது என்று முடிவு கட்டாதே.

இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதலில் அந்தக் கவுன்சலரிடமே கேள். குடிநோய்ச் சிகிச்சை நடக்கிற ஆஸ்பத்திரிகளில் ஊரில் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூட்டம் என்ற பட்டியல் பெரும்பாலும் இருக்கும். ஏ.ஏ. ஆட்களே அங்கே வந்து பேசிவிட்டுப் போவதும் உண்டு. போனில் ஏ.ஏ. இந்தியா என்று தேடினாலும் கிடைக்கும். அங்கே கொடுத்திருக்கும் எண்ணில் எடுத்துப் பேசுகிறவரும் அநேகமாக உன்னையும் என்னையும் போல ஒருவராகத்தான் இருப்பார். வெட்கப்படாமல் "புதுசா வரேன், தமிழ்லே நடக்கிற மீட்டிங் எது" என்று கேள். மத்திய அரசின் 14446 என்ற இலவச எண்ணிலும் போதை மீட்பு உதவிகளைக் கேட்கலாம். மனசு ரொம்பத் தளர்ந்துபோனால், ராத்திரி எந்நேரமானாலும், டெலி மானஸ் எண் 14416. இரண்டையும் போனில் போட்டு வை.

ஓப்பன், க்ளோஸ்டு என்று இரண்டு வகைக் கூட்டம் உண்டு. ஓப்பனில் யாரும் வரலாம், அந்தப் பிள்ளையைக்கூடக் கூட்டிக்கொண்டு போகலாம். க்ளோஸ்டு என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும். உன் ஏரியாவில் தெரிந்த முகம் இருக்குமோ என்று கூச்சமாக இருந்தால் பஸ் ஏறி வேறு பக்கம் போ. நைட் ஷிப்ட் வந்தால் ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன. கொரோனா ஊரடங்கில் அவை பெருகின, இன்றும் நடக்கின்றன. ஆனாலும் முதல் சில மாதம் நேரிலேயே போ. பக்கத்து நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது வேறு.

ஒரு குரூப் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போ. ஒன்றில் பழைய ஆட்களே நிறையப் பேசுவார்கள், இன்னொன்றில் உன் வயதுக்காரர்கள் அதிகம். மூன்று நான்கு இடம் பார்த்த பிறகு உனக்கே தெரியும். போகப் போக, உன்னைவிடப் பல வருஷம் முன்னால் நிறுத்திய, நீ மதிக்கிற ஒருவரை ஸ்பான்சராக இருக்கும்படி கேள். கடை வாசலில் கால் நிற்கும்போது நீ போன் செய்ய வேண்டிய ஆள் அவர்தான். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது மட்டும்தான் பேச்சு. ஆயுசு முழுக்க என்று யாரும் உன்னிடம் சத்தியம் வாங்க மாட்டார்கள்.

மருந்தை நிறுத்தாதே. டாக்டர் எழுதிக் கொடுத்த தயமின் மாத்திரையும் மற்றதும் அவர் சொல்கிற வரைக்கும் சாப்பிடு. மீட்டிங்கில் யாராவது "மாத்திரை எதுக்கு" என்று சொன்னால் கேட்காதே. மருந்து விஷயத்தில் யோசனை சொல்வது ஏ.ஏ.வின் வேலையே இல்லை. உன் பட்டறையில் நாளைக்கே குடியை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்கிற பையனிடமும் ஒன்று சொல்லு. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று தனியாக நிறுத்தினால் ஃபிட்ஸ் வரலாம், புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இனி அக்காவுக்காக ஒரு விஷயம். இதை அவளிடமும் படித்துக் காட்டு. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிறதே, "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று, அந்தப் பவுடரை வாங்க ஒரு தடவை அவள் நினைத்தாள், நான் தடுத்தேன். அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் மாதிரி மருந்தாக இருந்து, அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்துவிட்டால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிர் போகிற அளவுக்குப் போகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்கிற மருந்து அது. அவள் பயத்தில் அப்படி நினைத்தாள். அவளைக் கோபிக்காதே.

அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் தனியாக ஓர் இடம் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் தொடங்கிய அல்-அனான், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கானது. நீ குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அவர்கள் அங்கே போகலாம். இத்தனை வருஷம் உன் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். நீ நிறுத்தியதும் அந்தப் பயம் தானாகப் போய்விடாது. அத்தைக்கு அல்-அனான்தான் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. கோவையில் எங்கே நடக்கிறதென்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன், அவளே அந்தப் பிள்ளையிடம் பேசுவாள்.

நோய் என்று சொன்னால் பொறுப்பிலிருந்து தப்பிப்பது போல இருக்கிறது என்று நீ ஒரு தடவை சொன்னாய். சர்க்கரை நோய்க்காரருக்கு நோய் வந்தது அவர் குற்றமில்லை, மாத்திரை சாப்பிடுவதும் இனிப்பைத் தள்ளிவைப்பதும் அவர் பொறுப்பு. 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்த பிறகு அவர் பெயரில் குடிநோய்ச் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். நம்ம தமிழ்நாட்டிலேயே இதை நோயாகப் பார்த்து வைத்தியம் செய்யத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2019-இல் வெளிவந்த மத்திய அரசின் கணக்கெடுப்பு, இந்த நாட்டில் மதுவால் வந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிப் பேர் என்கிறது. இதில் நீ ஒருத்தன் மட்டும் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியில் விழித்திருக்காதே.

ஒருவேளை நடுவில் சறுக்கிவிட்டால், அதை மறைத்துக்கொண்டு மீட்டிங்கை நிறுத்திவிடாதே. அடுத்த நாளே போய் உட்கார். யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள், ஏன் குடித்தாய் என்று விசாரணையும் நடக்காது. டாக்டர் பாபுக்கே நடந்தது என்று எழுதினேன் அல்லவா. ஆனால் அதையே சாக்காக வைத்துக்கொள்ளாதே. உனக்கு வயசு இருக்கிறது, ஈரலைப் பற்றி டாக்டர் சொன்னதையும் நீயே கேட்டாய்.

வருகிற சனிக்கிழமை நான் கோவைக்கு வருகிறேன். மத்தியானமே வந்துவிடுவேன். அன்றைக்குச் சாயங்காலம் கூட்டம் எங்கே என்று நான் கேட்டு வைத்துவிட்டேன், தமிழில் நடக்கிறது. சம்பளத்தை வாங்கியதும் நேரே வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் குளி. பசியோடு வராதே, ஏதாவது சாப்பிட்டுவிடு. இரண்டு பேரும் பஸ்ஸில் போவோம். நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து நீ தனியாகப் போக வேண்டும். போய்விட்டு வந்ததும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் மாமா